கிராமிலிருந்து கிராமுக்கு நேர்வழி கிடையாது

மோல் கணக்கு தப்பிப்போன நோட்டுகளை எடுத்துப் பார்த்தால், பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் சறுக்கல் இருக்கும். சமன்பாடு எழுதி, அதைச் சமன்படுத்தியும் இருப்பார்கள். அடுத்த வரியிலேயே "1 கிராம் கார்பனேட்டுக்கு 2 கிராம் அமிலம்" என்று ஓடியிருக்கும். சமன்பாட்டில் முன்னால் நிற்கும் 1, 2 என்ற எண்களுக்குக் கிராமே தெரியாது. அவை எண்ணிக்கை மட்டும் பேசும். தராசோ நிறை மட்டும் பேசும். இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும் மொழிபெயர்ப்பாளர்தான் மோல். ஸ்டாய்க்கியோமெட்ரி, வேதிவினைக்கூறு விகிதம் என்று பெயர் எதுவாக இருந்தாலும் வேலை இதுதான்: கிராமை மோலாக்கு, மோலில் விகிதம் போடு, திரும்பக் கிராமாக்கு.

திருப்பூரில் பட்டன் வாங்கியவர்களுக்கு இது புதிதில்லை. பட்டனை அங்கே குரோஸ் கணக்கில் வாங்குவார்கள். ஒரு குரோஸ் 144. பத்து குரோஸை ஒவ்வொன்றாக எண்ணிக்கொண்டிருக்க முடியாது. ஒரு குரோஸை மட்டும் எண்ணி எடை போட்டால் போதும், மீதியைத் தராசு பார்த்துக்கொள்ளும். ஒரு குரோஸ் 45 கிராம் என்று வைத்துக்கொள்வோம். பை 450 கிராம் இருந்தால் உள்ளே 10 குரோஸ். பெரிய பட்டனாக இருந்தால் ஒரு குரோஸின் எடை கூடும், ஆனால் எண்ணிக்கை அதே 144. குரோஸ் இருக்கும் இடத்தில் மோலை வையுங்கள், 144 இருக்கும் இடத்தில் 6.022 × 10²³ வையுங்கள், ஒரு குரோஸின் எடை இருக்கும் இடத்தில் மோலார் நிறையை வையுங்கள். பாடம் முக்கால்வாசி முடிந்தது.

இப்போது தையல் பக்கம் வருவோம். காலர் வைத்த டீசர்ட் 500 தைத்துத் தயாராக இருக்கிறது. ஒன்றுக்கு 3 பட்டன். கையில் 10 குரோஸ், அதாவது 1440 பட்டன். எது முதலில் தீரும்? 1440 பெரிய எண், 500 சிறிய எண் என்று பார்த்தால் ஏமாந்துபோவோம். 1440ஐ 3ஆல் வகுத்தால் 480. பட்டன்தான் முதலில் தீரும், 20 டீசர்ட் பட்டன் இல்லாமல் நிற்கும். உள்பக்கம் ஒரு உபரி பட்டன் வைத்துத் தைக்கச் சொல்லி ஆர்டர் வந்தால் 3 என்பது 4 ஆகும், 360 டீசர்ட்தான் முடியும். பட்டனும் மாறவில்லை, துணியும் மாறவில்லை, சமன்பாட்டின் குணகம், அதாவது முன்னால் நிற்கும் எண், மாறியது. வினைக்கட்டுப்பாட்டுக் காரணி என்று புத்தகத்தில் வருவது இதுதான்.

6.022 × 10²³ என்ற எண்ணைப் பார்த்து மிரள வேண்டியதில்லை. "எத்தனை மூலக்கூறு, எத்தனை அணு" என்று கேள்வியிலேயே கேட்டால் ஒழிய அதைத் தொட வேண்டிய அவசியமே வராது. இரண்டு பக்கமும் குரோஸிலேயே பேசினால் 144 தேவைப்படாதது போலத்தான். 2019 மே 20 முதல் ஒரு மோல் என்பது சரியாக 6.02214076 × 10²³ துகள்கள் என்று வரையறுத்துவிட்டார்கள். அதற்கு முன் 12 கிராம் கார்பன்-12இல் எத்தனை அணுக்களோ அத்தனை என்று இருந்தது. பள்ளிக் கணக்கின் விடை இதனால் மாறாது.

மோலார் நிறை கண்டுபிடிப்பது, சேர்மத்திலுள்ள எல்லா அணுக்களின் நிறையையும் கூட்டும் வெறும் கூட்டல்தான், ஆனாலும் அங்கே மூன்று பள்ளங்கள் உண்டு. முதலாவது, அடைப்புக்குறி. அமோனியம் சல்பேட்டில், அதாவது (NH₄)₂SO₄இல், அமோனியம் இரண்டு, சல்பேட் ஒன்று. 2 × 18 + 96 = 132. அவசரத்தில் அமோனியத்தை ஒருமுறை மட்டும் கூட்டினால் 114 வரும். இது தவறு என்று உரமூட்டையே சொல்லிவிடும். 132இல் நைட்ரஜன் 28, ஆக 21.2 சதவீதம், மூட்டையில் 20.5 என்று அச்சடித்திருப்பார்கள். 114இல் 14 என்றால் 12.3 சதவீதம், ஒட்டவே ஒட்டாது. யூரியாவுக்கும் இதே சோதனை: 60இல் 28, அதாவது 46.7, மூட்டையில் 46. மஞ்சள் காட்டுக்கு 45 கிலோ மூட்டை ஒன்று போட்டால் 20.7 கிலோ நைட்ரஜன் போகிறது என்பது இந்தச் சதவீதத்திலிருந்து வருவது. விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகள் வீட்டு உரமூட்டைகளை வைத்தே மோலார் நிறை பழகலாம், விடைத்தாள் மூட்டையின் மேலேயே இருக்கிறது.

இரண்டாவது, நைட்ரஜன், ஆக்சிஜன், ஹைட்ரஜன், குளோரின் போன்ற வாயுக்கள். வாயுவாக வந்தால் இரண்டிரண்டாகத்தான் வரும். ஆக்சிஜன் வாயு 32, 16 இல்லை. மூன்றாவதுதான் அதிகம் பேரைக் கவிழ்ப்பது: சமன்பாட்டில் "2 நீர்" என்று இருந்தால் மோலார் நிறையை 36 என்று எழுதிவிட்டு, விகிதத்திலும் இன்னொரு தடவை 2ஆல் பெருக்குவது. நீரின் மோலார் நிறை எந்தச் சமன்பாட்டிலும் 18தான். முன்னால் நிற்கும் 2 விகிதம் போடும்போது மட்டும், ஒரே ஒரு தடவை மட்டும், உள்ளே வரும்.

இனி சுண்ணாம்புக்கு வருவோம். கோவைக்குப் பக்கத்து மதுக்கரையில் சுண்ணாம்புக்கல் கிடைப்பதால்தான் 1934இலேயே அங்கே சிமென்ட் ஆலை வந்தது. கல்லைச் சுட்டால் நடப்பது இது:

கால்சியம் கார்பனேட் → கால்சியம் ஆக்சைடு + கார்பன் டை ஆக்சைடு

மோலார் நிறைகள் 100, 56, 44. எல்லாமே ஒன்றுக்கு ஒன்று. 100 கிலோ சுத்தமான கல் என்றால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பு, 44 கிலோ காற்றோடு போகும். கணக்கு இவ்வளவு அழகாக வருவதால்தான் புத்தகங்கள் இதை விடுவதே இல்லை. ஆனால் பூமியிலிருந்து வெட்டியெடுத்த கல் 100க்கு 100 கார்பனேட்டாக இருக்காது. 90 சதவீதம் என்று கேள்வி சொன்னால் என்ன செய்வது? முதல் வேலை, 100 கிலோவை 90 கிலோவாக்குவது. 90,000 கிராமை 100ஆல் வகுத்தால் 900 மோல். கால்சியம் ஆக்சைடும் 900 மோல், 50.4 கிலோ. வெளியேறும் வாயு 900 × 44 = 39.6 கிலோ.

இங்கே ஒரு கண்ணி இருக்கிறது. சூளையிலிருந்து எடுத்த சரக்கை எடை போட்டால் 50.4 கிலோ இருக்காது. சுடும்போது மாறாத மண்ணும் மணலும் 10 கிலோ கூடவே வரும், மொத்தம் 60.4 கிலோ. சுத்தமான கல்லுக்கே 56தானே வர வேண்டும், மட்டமான கல்லுக்கு எப்படி 60 வந்தது என்று குழம்பி, விடையை அடித்துவிட்டு வேறு எழுதுகிறவர்கள் உண்டு. அடிக்க வேண்டாம், கூட்டிப் பாருங்கள்: 60.4 + 39.6 = 100. உள்ளே போன நிறையும் வெளியே வந்த நிறையும் சமமாக இருந்தால் கணக்கு சரி. எந்தக் கணக்கிலும் கடைசி அரை நிமிடத்தை இந்தக் கூட்டலுக்கு ஒதுக்குங்கள் என்பேன்.

அதே 50.4 கிலோவை நீற்ற, அதாவது நீரோடு சேர்த்துக் கால்சியம் ஹைட்ராக்சைடாக்க, எவ்வளவு தண்ணீர்? 900 மோல் ஆக்சைடுக்கு 900 மோல் நீர், 16.2 கிலோ. வினைக்கு அவ்வளவுதான் தேவை. ஆனால் 16 லிட்டர் மட்டும் ஊற்றினால் சுண்ணாம்பு முழுதாக நீறாது. ஒரு மோல் நீறும்போது சுமார் 65 கிலோஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. 900 மோலுக்குக் கணக்குப் போட்டால் 20 கிலோவுக்கும் மேலான தண்ணீரைக் கொதிக்க வைத்து ஆவியாக்க அது போதும். ஊற்றியதில் பாதி ஆவியாகிப் போய்விட்டால் உள்ளே கட்டி கட்டியாக நீறாத கல் நிற்கும். சமன்பாடு சொல்லும் அளவு குறைந்தபட்சம். வினைக்கு எவ்வளவு சேரும் என்பதைத்தான் அது சொல்லும்.

வீட்டிலேயே செய்து பார்க்க ஏற்றது முட்டை ஓடு. நாமக்கல் மாவட்டத்து முட்டை எந்த மளிகைக் கடையிலும் கிடைக்கும். ஓட்டில் சுமார் 94 சதவீதம் கால்சியம் கார்பனேட். உள்பக்கத்து மெல்லிய சவ்வை உரித்து, கழுவி, வெயிலில் காயவைத்து, அம்மியிலோ மிக்ஸியிலோ பொடித்துக்கொள்ளுங்கள். எதிர்ப்பக்கம் வெள்ளை வினிகர், பாட்டிலில் 4 சதவீதம் அசிட்டிக் அமிலம் என்று போட்டது.

கால்சியம் கார்பனேட் + 2 அசிட்டிக் அமிலம் → கால்சியம் அசிட்டேட் + நீர் + கார்பன் டை ஆக்சைடு

ஓட்டுப்பொடி 5 கிராம். அதில் கார்பனேட் 4.7 கிராம். 100ஆல் வகுத்தால் 0.047 மோல். அமிலம் இரட்டிப்பு வேண்டும், 0.094 மோல். அசிட்டிக் அமிலத்தின் மோலார் நிறை 60. 100 மிலி வினிகரில் 4 கிராம், அதாவது 0.0667 மோல் இருக்கிறது. ஆகவே 141 மிலி வினிகர் தேவை. வெளியேறும் வாயு 0.047 × 44 = 2.07 கிராம்.

இப்போது வேண்டுமென்றே வினிகரை 100 மிலியாகக் குறையுங்கள். கார்பனேட் 0.047 மோல், அமிலம் 0.0667 மோல். "மோல் குறைவாக இருப்பதுதான் முதலில் தீரும்" என்று மனப்பாடம் செய்தவர்கள் கார்பனேட் என்று எழுதிவிடுவார்கள். தவறு. 500 டீசர்ட்டையும் 1440 பட்டனையும் நினைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றின் மோலையும் அதன் குணகத்தால் வகுத்த பிறகே ஒப்பிட வேண்டும். 0.047 ÷ 1 = 0.047. 0.0667 ÷ 2 = 0.0333. அமிலம்தான் முதலில் தீரும். வாயு 0.0333 மோல், 1.47 கிராம். கார்பனேட் 0.0137 மோல், அதாவது 1.37 கிராம், கரையாமல் அடியில் தங்கும். அதன்பின் எத்தனை மணி நேரம் காத்திருந்தாலும் அது கரையாது. புதிதாக இன்னும் கொஞ்சம் வினிகர் ஊற்றினால் உடனே மறுபடி பொங்கும். மீந்திருப்பது எது என்பதைக் கண்ணால் காட்டும் சோதனை இது.

எடை போடும்போது கவனிக்க வேண்டியவை சில. ஒரு கிராம் துல்லியமுள்ள சமையலறைத் தராசு இதற்கு உதவாது, காணாமல் போவதே 2 கிராம்தான். நூறில் ஒரு கிராம் காட்டும் சின்னத் தராசு 500 கிராம் வரை தாங்குவதாக வேண்டும், ஏனென்றால் டம்ளரும் வினிகரும் சேர்ந்தே 200 கிராமைத் தாண்டிவிடும். பொடியையும் வினிகரையும் தனித்தனிப் பாத்திரத்தில் வைத்து, இரண்டையும் சேர்த்து எடை போட்டுவிட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாகப் பொடியைக் கொட்டுங்கள். மொத்தமாகக் கொட்டினால் நுரை வழியும். வழிந்த துளிகளும் "வெளியேறிய வாயு"வாகக் கணக்கில் ஏறிவிடும். காலியான பொடிப் பாத்திரத்தையும் கடைசி எடையில் சேர்க்க மறக்கக் கூடாது.

141 மிலி மட்டும் ஊற்றினால் முடிவில் வினை மிக மெதுவாகிவிடும், அமிலம் நீர்த்துப்போவதால். அதனால் 200 மிலி ஊற்றுவது நல்லது. விடையை முடிவு செய்வது கார்பனேட்டாகவே இருக்கட்டும். இவ்வளவு செய்தும் 2.07 கிராம் துல்லியமாக வராது. வாயுவில் கொஞ்சம் நீரிலேயே கரைந்து தங்கும், 200 மிலியில் கால் கிராம் அளவுக்குக்கூட. அது எடையிழப்பைக் குறைத்துக் காட்டும். நன்றாகக் கலக்கிவிட்டால் பெரும்பகுதி வெளியே வந்துவிடும். மறுபக்கம், இரவு முழுக்கத் திறந்து வைத்தால் தண்ணீர் ஆவியாகி எடையிழப்பைக் கூட்டிக் காட்டும். மூடி போட்டு இறுக்க மட்டும் வேண்டாம்: ஒரு லிட்டருக்கு மேல் வாயு வரும், பாட்டில் வெடிக்கும்.

எத்தனை லிட்டர் என்று கேட்டால் பலர் கண்ணை மூடிக்கொண்டு 22.4ஆல் பெருக்குகிறார்கள். 22.4 லிட்டர் என்பது 0 டிகிரி செல்சியஸ், 1 வளிமண்டல அழுத்தத்துக்கு உரியது. அழுத்தத்தை 1 பார் என்று எடுத்தால் 22.7. இரண்டும் புத்தகங்களில் வருவதால், கேள்வியில் எந்த அழுத்தம் என்று பார்த்துவிட்டே எண்ணைத் தேர்ந்தெடுங்கள். கோவை கடல் மட்டத்திலிருந்து 400 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அழுத்தம் சுமார் 0.95 வளிமண்டலம். 30 டிகிரி வெயிலில் அங்கே ஒரு மோல் வாயு ஏறக்குறைய 26 லிட்டர் இடம் பிடிக்கும். அதே வாயு உதகையின் 15 டிகிரிக் குளிரில், உயரத்தில் அழுத்தம் குறைவதால், சுமார் 31 லிட்டர். மோல் மாறவில்லை, கிராமும் மாறவில்லை, லிட்டர் மட்டும் ஊருக்கு ஊர் மாறுகிறது. வாயுவுக்கு மட்டுமே இந்தச் சலுகை என்பதையும் நினைவில் வையுங்கள். நீரின் மோலை 22.4ஆல் பெருக்கி விடை எழுதியிருப்பதைத் திருத்தாத ஆசிரியரே இருக்க மாட்டார்.

கரைசல் கணக்குக்குச் சாயப்பட்டறைப் பேச்சே நல்ல வழிகாட்டி. அங்கே எல்லாம் ஜிபிஎல்தான், ஒரு லிட்டரில் எத்தனை கிராம் என்று. ஜிபிஎல்லை மோலார் நிறையால் வகுத்தால் மோலாரிட்டி, அதாவது ஒரு லிட்டரில் எத்தனை மோல் என்பது, வந்துவிடும், தனிச் சூத்திரம் வேண்டாம். 300 கிலோ துணி, ஒன்றுக்கு எட்டு நீர் விகிதம் என்றால் 2400 லிட்டர். காஸ்டிக் 2 ஜிபிஎல் என்றால் 4.8 கிலோ சோடியம் ஹைட்ராக்சைடு. மோலார் நிறை 40, ஆக 120 மோல், 0.05 மோலாரிட்டி.

பட்டறையில் காஸ்டிக் பெரும்பாலும் 48 சதவீதக் கரைசலாக வரும். 4.8 கிலோவுக்கு 10 கிலோ கரைசல். பத்து கிலோ, பத்து லிட்டர் இல்லை. அந்தக் கரைசல் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம். 10 கிலோ என்பது 6.6 லிட்டர்தான். லிட்டர் ஜாடியால் பத்து அளந்து ஊற்றினால் 15 கிலோ போய்விடும், காஸ்டிக் 3 ஜிபிஎல்லைத் தாண்டிவிடும். சதவீதம் நிறைக்கா கனஅளவுக்கா என்று பார்க்காத தவறு தேர்வில் ஒரு மதிப்பெண்ணோடு முடியும், பட்டறையில் தொட்டி முழுக்கப் போகும். கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் இந்தக் கரைசலைத் தொடவே கூடாது.

அந்த 120 மோல் காரத்தையும் நடுநிலையாக்க வேண்டுமானால் அசிட்டிக் அமிலம் 120 மோல், 7.2 கிலோ. கந்தக அமிலம் என்றால் ஒரு மூலக்கூறு இரண்டு ஹைட்ரஜன் அயனி தருவதால் 60 மோலே போதும், 5.88 கிலோ. 98 என்ற பெரிய மோலார் நிறையைப் பார்த்து "கந்தக அமிலம்தான் அதிகம் வேண்டும்" என்று ஊகித்தால் தப்பு. இதெல்லாம் மேல்வரம்பு என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். நடைமுறையில் தொட்டி நீரை வடித்துவிட்டு, துணியில் தங்கியதை மட்டும்தான் நடுநிலையாக்குவார்கள். 600 லிட்டர் தங்கியது என்று கொண்டால் 30 மோல், அசிட்டிக் அமிலம் 1.8 கிலோ போதும்.

கடைசியாக மயில்துத்தம், அதாவது காப்பர் சல்பேட் படிகம். பொள்ளாச்சிப் பக்கம் தென்னை குருத்தழுகலுக்கும், பாக்கு, திராட்சை நோய்களுக்கும் போர்டோ கலவை தெரியாத தோட்டக்காரர் இல்லை. ஒரு சதவீதக் கலவைக்கு 1 கிலோ மயில்துத்தம், 1 கிலோ சுண்ணாம்பு, 100 லிட்டர் தண்ணீர். பள்ளி அளவுக்குச் சுருக்கினால் வினை இப்படி:

காப்பர் சல்பேட் + கால்சியம் ஹைட்ராக்சைடு → காப்பர் ஹைட்ராக்சைடு + கால்சியம் சல்பேட்

உண்மையில் உருவாவது இதைவிடச் சிக்கலான கலவை, ஆனால் அளவு பார்க்க இது போதும். மயில்துத்தத்தின் நீலப் படிகத்தில் ஒவ்வொரு காப்பர் சல்பேட்டோடும் ஐந்து நீர் ஒட்டியிருக்கிறது. மோலார் நிறை 159.6 இல்லை, 249.7. படிக நீரை மறந்தால் 1 கிலோவில் 6.3 மோல் என்று வரும். சரியான விடை 4 மோல். நான்கு மோலுக்கு நீற்றிய சுண்ணாம்பு 4 × 74 = 296 கிராம், சுட்ட சுண்ணாம்பாக எடுத்தால் 4 × 56 = 224 கிராம்.

அப்படியானால் தோட்டக்காரர் ஏன் ஒரு கிலோ போடுகிறார்? மீந்த செம்பு இலையைக் கருக்கிவிடும், மீந்த சுண்ணாம்பு கருக்காது. அதனால் செம்பு முதலில் தீரும்படி சுண்ணாம்பை வேண்டுமென்றே அதிகம் வைக்கிறார்கள். கடைச் சுண்ணாம்பின் தரத்தையும் நம்ப முடியாது. காற்றில் திறந்து கிடந்த நீற்றிய சுண்ணாம்பு கார்பன் டை ஆக்சைடை உறிஞ்சிக் கொஞ்சம் கொஞ்சமாகக் கார்பனேட்டாக மாறிவிடும். எடை குறையாது, கூடத்தான் செய்யும், ஆனால் வேலைக்கு ஆகும் ஹைட்ராக்சைடு குறைந்துபோயிருக்கும். தராசு இங்கே பொய் சொல்லும்.

அதற்குத்தான் கத்திச் சோதனை. துத்தத்தை 50 லிட்டரிலும் சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியாக, பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரத்தில் கரைக்க வேண்டும். இரும்பு வாளியில் கூடாது. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக் கலக்கினால் வான்நீலக் கலவை கிடைக்கும். நன்றாகத் தேய்த்துப் பளபளப்பாக்கிய இரும்புக் கத்தியை அதில் ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். கத்தியில் செம்பழுப்புப் படலம் ஏறியிருந்தால் செம்பு அயனி இன்னும் மீதமிருக்கிறது: இரும்பு கரைந்து செம்பு வந்து படிகிறது, ஒரு மோலுக்கு ஒரு மோல். இன்னும் கொஞ்சம் சுண்ணாம்புப் பால் சேர்த்துக் கலக்கி, கத்தியைத் தேய்த்துவிட்டு மறுபடி முக்கிப் பாருங்கள். கத்தி படலம் ஏறாமல் பளபளப்பாகவே வெளியே வந்தால் தெளிக்கலாம், அன்றைக்கே.